நாச்சிக்கரட்டில் நகர்ந்த துளை

ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் செய்யக்கூடாத காரியங்களின் பட்டியலில், ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதையும் சேர்க்கலாம். நான் ஏறினேன். மலைக்குள் குடையும் சுரங்கத்தைப் பார்க்கப் போகிறேன், மேலிருந்து கல் விழும், தலைக்கு ஏதாவது வேண்டும் என்று வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பஸ் கம்பி. மீதம் காலியாக இருந்தது தலைதான்.

சேலம் சூரமங்கலத்திலிருந்து புதுப் பேருந்து நிலையம் வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நகரத்து மக்கள் நாகரிகமானவர்கள், முதுகுக்குப் பின்னால்தான் சிரிப்பார்கள்.

காலை 7.10. ராசிபுரம் பஸ். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். பக்கத்து இருக்கையில் மடியில் ஜவுளிக்கடைப் பையோடு ஒருவர். மல்லூர் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

"ஏனுங்க, வண்டி எங்கீங்க நின்னு போச்சு?"

விவரத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே நம்பும்படியாக இல்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்தது. பெயர் முருகேசன், அதே சுரங்கத்தில் லோடர் ஓட்டுபவர். வெடி வைத்து முடிந்ததும் உள்ளே போய் உடைந்த கல்லை வாரி லாரியில் போடும் வேலை. தங்கை பிள்ளைகளுக்கு இன்று தம்மம்பட்டியில் காதுகுத்து. துணி எடுக்க நேற்றுச் சேலம் வந்தவர், ராசிபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்கப் போகிறார். நாளை மதியம் மறுபடி ஷிப்டு.

"ரோடுங்கறாங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "ஆடு சுத்திப் போற கரட்டுக்கு எதுக்குங்க சொரங்கம்? உள்ள என்னமோ இருக்குதுங்க. வெடிச்சதும் கல்லத் தொடற மொத ஆளு நானு. என்ற கண்ணுக்கே காட்ட மாட்டேங்கறாங்கன்னா பாத்துக்கங்க."

"கூரை விழுந்துவிடும் என்று பயம் இல்லையா?"

"அதப் பாக்கத்தான் ஒரு இஞ்சினீரு இருக்காருங்களே. அவரு ஒரு மாதிரிங்க. டீய மோந்து பாத்துத்தான் குடிப்பாரு."

அந்த இஞ்சினீர் என் சகலை என்பதை நான் சொல்லவில்லை. உறவை ஒப்புக்கொள்ளும் முன் நிலவரம் தெரிந்துகொள்வது நல்லது.

நான் கிளம்பியதற்கு ஹெல்மெட்டைவிட அவமானமான காரணம் ஒன்றும் உண்டு. என் மனைவியின் தங்கை சுமதி, ஒரு மாதமாக ஃபோனில் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மாமா, எட்டு மாசமா மலைக்குள்ள இருக்கேங்கறாரு. அனுப்பற போட்டோ ஒண்ணுலயும் மலையே இல்ல. ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க." ஆக, உளவு பார்க்கப் போனேன். உளவாளிகள் பொதுவாக ஹெல்மெட்டோடு போவதில்லை என்பது பஸ்ஸில்தான் உறைத்தது.

8.25. ராசிபுரத்தில் முருகேசன் விடைபெற்றார். நாமகிரிப்பேட்டை சாலையில் ஷேர் ஆட்டோ, பதினோரு கிலோமீட்டர், முப்பது ரூபாய். இருபுறமும் மரவள்ளியும் மஞ்சளும். ஆட்டோக்காரர், சுரங்கத்தால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் வற்றிவிடும் என்றார். இப்போது வற்றியிருக்கிறதா என்று கேட்டேன். "இப்ப நெறைய இருக்குதுங்க. அதாங்க சந்தேகமா இருக்குது," என்றார்.

கரட்டின், அதாவது அந்தச் சின்னப் பாறைக்குன்றின், பெயரை நாச்சிக்கரடு என்று மாற்றியிருக்கிறேன். சகலையின் வேலைக்கு என்னால் கெடுதல் வரக்கூடாது, வருவதற்கு அவரே போதும்.

8.55. வாசலில் காவலாளி என் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டு, மஞ்சள் தொப்பி ஒன்றைக் கொடுத்தார். தூரத்தில் சகலை தங்கராசு வந்துகொண்டிருந்தார். எட்டு மாதத்தில் இளைத்து, முழங்கால்வரை சேறு. சுமதியின் சந்தேகத்துக்கு அந்தச் சேறே பதில்.

"வாங்க சகலை," என்றவர் கைகுலுக்காமல் என் முகத்தையே பார்த்தார். "சுமதி அனுப்புனாளா?"

"சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று..."

"சும்மான்னு யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க," என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனார்.

சுரங்கம் என்றால் என் மனத்தில் இருந்தது ரயில் சுரங்கம். ரயில்வே அலுவலகத்தில் கால அட்டவணை பார்க்கும் குமாஸ்தாவுக்கு வேறென்ன தோன்றும்? இது அதுவல்ல. மூன்று லாரிகள் பக்கம் பக்கமாகப் போகும் சாலை, ஓரத்தில் நடைபாதை. பதினாறு மீட்டர் அகலம். கல்யாண மண்டபத்தை ஒரு தூண்கூட இல்லாமல் கட்டி, மேலே ஒரு கரட்டை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"இவ்வளவு பெரிய மலையை இந்த சிமெண்டா தாங்குகிறது?" என்று கேட்டேன். சுவரில் பீய்ச்சி அடித்திருந்த கான்கிரீட் ஒரு சாண்கூட இல்லை.

"மலையத் தாங்க யாரால சகலை முடியும்? அது தன்னத் தானே தாங்கிக்கும். உள்ள ஓட்ட போட்டதும் பாரமெல்லாம் ஓட்டயச் சுத்தி வளைஞ்சு போயிரும். அப்படி வளைஞ்சு போற கல்லு பிரியாம இருக்கணும். அதுக்குத்தான் கல்லுக்குள்ள எறக்குன இந்த ஆணி, இந்தப் பூச்சு. கைத்தாங்கல், அவ்வளவுதான்."

"பிறகு என்ன கவலை?"

"அகலந்தான் கவலை." லாரிக்குத் தார்ப்பாய் போடும் வளைவுக் கம்பியை நினைத்துக்கொள்ளச் சொன்னார். சின்ன டெம்போவுக்குப் போட்டால் வில்லாக நிற்கும். அதே உயரத்தில் அகலமான டிரெய்லருக்குப் போட்டால் வளைவு தட்டையாகி, மழை பெய்தால் நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கும். "நல்ல பாறைன்னா தட்டையா இருந்தாலும் நிக்கும். பொடிஞ்ச பாறைன்னா நமக்கு யோசிக்கவே நேரம் குடுக்காது. சில பாறை நாள்கணக்குல நிக்கும், சிலது டீ குடிக்கற நேரங்கூட நிக்காது. எது எதுன்னு முன்னாடியே கண்டுபுடிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

சுவரில் அங்கங்கே சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தன. தினமும் காலையில் கருவி வைத்து அளந்து, சுவர் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"சுவர் நகருமா?" நான் இரண்டடி பின்வாங்கினேன். பின்னாலும் சுவர்தான் இருந்தது.

"நகரணும். நகராம இருந்தாத்தான் அளக்கறவன் மேல எனக்குச் சந்தேகம் வரும். தினம் ஒரு மில்லிமீட்டர் இருந்துச்சு. ரெண்டு நாளா எடப்பக்கத் தோள்ல, சுவரு கூரையோட சேர்ற எடத்துல, மூணு."

10.15. தகரக் கொட்டகை அலுவலகம். மேலாளர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர். அவரும் என்னைத்தான் முதலில் சந்தேகித்தார்.

"பத்திரிகைங்களா?"

வாரம் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுதுவதாகச் சொன்னேன். "ஓ, அதுங்களா," என்று நிம்மதியாகி என்னை மறந்துவிட்டார்.

பிரச்சினை இதுதான். மாலை நான்கு மணிக்கு அடுத்த வெடி. அதற்குமுன், இனி வரும் இருபது மீட்டருக்கு எந்த வகைத் தாங்கல் என்று சகலை கையெழுத்துப் போட வேண்டும். இலேசானது என்றால் நான்கு மீட்டர் ஆணியும் பத்து சென்டிமீட்டர் பூச்சும், ஒரு வெடிக்கு மூன்று மீட்டர் போகலாம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கனமானது என்றால் மாதக்கணக்கு. இலேசானதைப் போட்டு உள்ளே பாறை பொடிந்திருந்தால், வெடித்த பிறகு முதலில் அதன்கீழே போகிறவர் லோடர்காரர். நாளை மதியத்திலிருந்து அது முருகேசன். அவர் இப்போது தம்மம்பட்டியில் காதுகுத்துப் பந்தலில் இருப்பார்.

"பெட்டி பெட்டியா கல்லு இருக்குது சார். அதப் பாத்துட்டும் யோசிச்சா எப்படி?" என்றார் மேலாளர்.

இருந்தது. கரட்டின் உச்சியிலிருந்து சுரங்கத்தின் ஆழம்வரை துளை போட்டு எடுத்த கல் உருளைகள், மரப்பெட்டிகளில் கரும்புக் கரணைபோல வரிசையாக. நீளம் நீளமாக, விரிசல் இல்லாமல், பளபளவென்று. கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே மரியாதை வந்தது.

சகலை ஓர் உருளையை எடுத்து முகர்ந்து பார்த்தார். முருகேசன் பொய் சொல்லவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குது," என்றார்.

"நல்லா இருந்தா நல்லதுதான சார்?"

"இந்தக் கரட்டுல இவ்வளவு தூரம் ஒரே நல்ல கல்லா வர நியாயமில்லீங்க. பொண்ணு பாக்கப் போனா எல்லாமே நல்லா இருக்குதுன்னா, ஊருக்குள்ள ஒரு தடவ விசாரிக்கறதில்லயா?"

11.30. ஊருக்குள் விசாரிப்பது என்றால், துளை போட்ட இடத்தைப் பார்க்க உச்சிக்கு ஏறுவது. என்னையும் இழுத்துக்கொண்டார். ஒற்றையடிப் பாதை, வேலிக்காத்தான் முள், நெற்றியில் அடிக்கிற வெயில். பாதி வழியில் என் இதயம் ராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டது. ஒரு ஆடு என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தது.

உச்சியில் அந்தத் துளை ஒழுங்காக இருந்தது. சிமெண்டு மூடி, அதில் சிவப்பு வண்ணத்தில் எண். சகலை குனிந்து அளந்துகொண்டிருக்க, நான் பொறுப்பான பார்வையாளனாக உட்கார இடம் தேடினேன். சற்றுத் தள்ளி ஒரு தட்டைக் கல் தெரிந்தது. கால் வைத்தேன். கல் புரண்டது, வலதுகால் கணுக்காலுக்கு மேல்வரை நிலத்துக்குள் இறங்கிவிட்டது.

"சகலை, பாம்புப் பொந்து," என்று கத்தினேன்.

அவர் வந்து முதலில் பார்த்தது என் காலை அல்ல, பொந்தை. பாம்பு இவ்வளவு வட்டமாகத் தோண்டாது என்றார். மண்ணும் சல்லியும் போட்டு அடைத்து, மேலே கல்லை வைத்து மறைத்த துளை. என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டு, குனிந்தபடி நாலாபுறமும் தேடினார். மூடி போட்ட துளைக்கும் இதற்கும் நடுவில் இன்னொன்று, அதற்கும் ஒரு தட்டைக் கல். மூன்றும் ஒரே நேர்கோட்டில், பதினைந்து அடிக்கு ஒன்று. காகிதத்தில் இருந்தது ஒரு துளை. கரட்டில் இருந்தவை மூன்று.

ஏதோ பெரிய மோசடியைப் பிடித்துவிட்டோம் என்று எனக்கு வலியே மறந்துபோனது. வழக்கு, விசாரணை, நான் சாட்சி, என் கணுக்கால் ஒரு தடயம் என்று மனம் ஓடியது.

1.20. அடிவாரத்தில் இன்னொரு துளை போட்டுக்கொண்டிருந்த நல்லதம்பியை வரவழைத்தார் சகலை. உச்சித் துளையையும் போட்ட திருச்செங்கோட்டுக்காரர். இருபது வருடம் ரிக் வண்டியில் நான்கைந்து மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, இப்போது கல் எடுக்கும் துளைக்கு வந்திருப்பவர். மூன்று துளைகளைப் பற்றிக் கேட்டால் மறுப்பார், உளறுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாங்க, நாந்தான் நகத்துனேன்," என்றார் சாதாரணமாக.

"ஏன் நகத்துனீங்க?"

"முட்டுச்சுங்க, நகத்துனேன். பொடிஞ்ச கல்லு வந்தா துளை போடற ராடக் கவ்விக்குமுங்க. கவ்வுனா அம்புட்டும் உள்ளயே போச்சு. கெணத்துக்குப் போடறப்ப தோட்டக்காரரக் கேட்டுட்டு நாலு எட்டுத் தள்ளிப் போட்டுக்குவமுங்க. எங்க தொழில்ல அது மொறைங்க. இங்க யாரக் கேக்கறது? கரடுதான் இருந்துச்சு. அதுவும் வேண்டாங்கல."

"கல்ல வச்சு ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கலீங்க. ஆட்டுக்குட்டி கால உட்டுருமுல்ல." பிறகு என் காலைப் பார்த்து, கௌரவமாக வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கு, சாட்சி எல்லாம் அந்த வெயிலிலேயே ஆவியாயிற்று. ஒரு திருட்டுத்தனமும் இல்லை. இருபது வருடப் பழக்கம், அவ்வளவுதான். கிணற்றுக்கு அது புத்திசாலித்தனம். சுரங்கத்துக்கோ, ராடைக் கவ்வாத கல் மட்டும் பெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது.

சகலை கோபப்படவில்லை. அவர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு ஆசை தெரிந்தது. "நல்லதம்பி, அந்த ரெண்டுலயும் எத்தன அடியில கவ்வுச்சு, நெனப்பிருக்குதுங்களா?"

"நெனப்பில்லாமங்களா? மொதத் துளை நூத்திப் பத்து. ரெண்டாவது நூத்தி அறுவது. மூணாவது எரநூறுல சுகமா முடிஞ்சுதுங்க."

என் பையிலிருந்த பஸ் கால அட்டவணையைப் பிடுங்கி, அதன் பின்பக்கத்தில் சகலை கோடு போட்டார். பதினைந்து அடி நகர்ந்ததற்கு ஐம்பது அடி இறக்கம். சுவரில் சாய்த்த ஏணிபோல ஒரு பொடிந்த பாறைப் பட்டை கரட்டுக்குள் இறங்குகிறது. மூன்றாவது துளையின் அடியை அந்தக் கோடு பத்தே அடியில் தவறவிட்டிருந்தது. அப்படியே நீட்டினால் சுரங்கத்தின் கூரையைத் தொட்டது. தோண்டி நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ எட்டு மீட்டரில்.

எழுதிவைத்த துளை ஒன்றும் சொல்லவில்லை. எழுதாமல் விட்ட இரண்டும்தான் எல்லாவற்றையும் சொல்லின.

2.45. "பஸ் டைம்டேபிள் பின்னாடி போட்ட படத்த வச்சு வெடிய நிறுத்தணுங்கறீங்களா?" என்றார் மேலாளர். நியாயமான கேள்வி. கால அட்டவணைகளோடு முப்பது வருடம் வாழ்ந்தவன் நான், அவற்றை நம்பி எதையும் செய்யக்கூடாது என்பது தெரியும்.

"வெடிக்கு ஒரு மணி நேரம் இருக்குது. நேரா முன்னால ஒரு துளை போட்டுப் பாக்கலாம். நல்ல கல்லு வந்தா கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் சகலை.

வெடிமருந்துக் குழி போடும் இயந்திரத்தில் நீள ராடுகளைப் பூட்டி, எதிரே இருந்த பாறையில் கூரை ஓரமாகத் துளைக்க ஆரம்பித்தார்கள். இயந்திரத்தை ஓட்டியவர் வேறொருவர். நல்லதம்பி பக்கவாட்டில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மீட்டர், ஐந்து, ஏழு. திரும்பிவரும் தண்ணீர் சாம்பல் நிறம், கல் மாவு. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சகலை எதையும் பார்க்கவில்லை.

எட்டைத் தாண்டியதும் நல்லதம்பியின் கை தானாக உயர்ந்தது. "கவ்வப் போவுதுங்க. நிறுத்திட்டு நகத்தச் சொல்லுங்க."

"நகத்தக் கூடாது," என்றார் சகலை.

"ராடு போயிருமுங்க."

"போகட்டும்."

நல்லதம்பி என்னைப் பார்த்தார். இருபது வருடத்தில் இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டிருக்கமாட்டார். எட்டரை மீட்டரில் சத்தம் மாறியது, எனக்கே தெரிந்தது. கல்லில் மோதும் சத்தம் போய்க் களி கிண்டும் சத்தம். ராடு நின்றது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. துளையின் வாயிலிருந்து மஞ்சள் சேறு கொழகொழவென்று வழிந்து, பிறகு தண்ணீரும் வந்தது.

மேலாளர் சட்டையில் முதல் சேற்றுத் துளி விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"எத்தன தடிமன் இருக்கும் சார் இது?"

"தெரியாது. தெரியாதத தடிமனாவே வச்சுக்க வேண்டியதுதான்."

4.10. வெடி வைக்கவில்லை. சகலை கனமான தாங்கலுக்குக் கையெழுத்துப் போட்டார். கூரைக்கு மேலே, முன்னோக்கி வரிசையாக இரும்புக் குழாய் செருகி, முதலில் குடைபோல ஒரு காப்பு. அதன்கீழ் ஒரே மீட்டர் தோண்டுவது. உடனே ஒரு கம்பி வளைவு, பூச்சு. அகலம் முழுவதையும் ஒரேயடியாகத் தோண்டாமல் பாதி பாதியாக. தரையையும் வளைத்துக் கட்டி வளையத்தை மூடுவது. பிறகு அடுத்த மீட்டர். இருபது மீட்டருக்கும் இதே.

கிளம்பும்போது சகலை வாசல்வரை வந்தார். "சுமதிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"மலை இருக்கிறது என்று சொல்கிறேன்."

"நம்ப மாட்டா," என்றார்.

மாலை 6.40. சூரமங்கலம். கரட்டின் அடியில் இருந்தபோது வராத பயம் வீட்டுக்கு வந்தபின் வந்தது. எங்கள் கூடத்துச் சுவரில், மாடி எழுப்பிய வருடத்திலிருந்தே ஒரு விரிசல் இருக்கிறது. பூச்சு விரிசல்தான் என்று கொத்தனார் சொன்னார், நாங்கள் அதன்மேல் காலண்டர் மாட்டிவிட்டோம். கரட்டில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு மனிதன் தூக்கமில்லாமல் இருக்கிறான். இங்கே, சுவரின் கதையைக் கேட்க வேண்டாம் என்று நாள் தவறாமல் தேதி கிழித்துக்கொண்டிருக்கிறோம். காலண்டரை எடுத்துவிட்டு, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மனைவி, சுவரைக் கிறுக்குகிற வயதா இது என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அந்த இருபது மீட்டரைத் தாண்டிவிட்டிருந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரேமாதிரி சாம்பல் பூச்சு. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. சகலை கண்ணாடித் துண்டைக் காட்டி, "நின்னுருச்சு," என்றார். அதற்குமேல் அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

திரும்புகிற ஷேர் ஆட்டோவில் முருகேசன் ஏறினார், ஷிப்டு முடிந்து. அந்த இருபது மீட்டரிலும் வெடித்த கல்லை வாரியவர் அவர்தான், மீட்டர் மீட்டராக. அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சகலை உறவை ஒப்புக்கொண்டு, மூன்று துளை, நகர்த்தின கதை, கோடு, மாட்டிக்கொண்ட ராடு என்று ராசிபுரம் வரும்வரை சொன்னேன். அன்று நான்கு மணி வெடி போயிருந்தால் மறுநாள் மதியம் யார் உள்ளே இருந்திருப்பார் என்பதையும் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். முருகேசன் முழுக்கக் கேட்டார். இறங்கி, எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, என் காதருகே வந்தார்.

"சகலைங்கறதால சொல்றீங்க, சரிங்க. ஆனா ஒரு பொடிக் கல்லுகூட உழுகலீங்களே. உழுகாத கல்லுக்கு எதுக்குங்க மீட்டருக்கு ஒரு வளைவு? அந்த இரும்புல எவனோ நல்லாத் தின்னிருக்கான்."